கவிழ்த்து வைத்த சட்டி

எங்கள் வீட்டில் சோற்றில் கை வைக்கும் முன் ஒரு சொல் வரவேண்டும். "ரைட்."

என் மாமனார் சொல்லுவார். அவர் சொல்லாமல் யாரும் இலையைத் தொடக்கூடாது. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டினார். ரிட்டயர் ஆகி வந்தபின் காட்டுவதற்கு ரயில் இல்லை. எங்களுக்குக் காட்டினார்.

இந்தக் கோடி இலையிலிருந்து அந்தக் கோடி இலை வரை ஒரு தரம் பார்ப்பார். உப்பு விழாத இலை ஒன்று இருந்தாலும் வண்டி கிளம்பாது. எல்லாம் வந்தபின் வலது கையைக் கொஞ்சம் தூக்குவார். "ரைட்." அப்புறம்தான் சாப்பாடு.

அவர் பெயரை எழுதவில்லை. மாமனார் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில். வரிசையாக மூன்று குடித்தனம். கிணறு பொது. எங்கள் பங்குக்கு ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு. சமையல்கட்டு அவருடையது. நான் அரைத்துக் கொடுப்பேன், நறுக்கிக் கொடுப்பேன். அடுப்பின் முன் முக்காலி போட்டு அவர்தான் உட்காருவார். பக்கத்தில் சங்கிலி போட்ட பழைய கடிகாரம் இருக்கும். குழம்பு கொதிக்கும் நேரத்தை அதில் பார்ப்பார்.

அடுத்த குடித்தனத்து அம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்பாள். "இன்னாடி இது, ஆம்பள ஆக்கறாரு, நீ வேடிக்க பாத்துக்கினு கீறே?"

அவர் உள்ளிருந்தே பதில் கொடுப்பார். "உங்க வூட்ல ஆம்பள வேடிக்க பாத்துக்கினு கீறாரு. நான் எதுனா கேட்டனா?"

கார்டு வேலையில் பழகின சமையல் அது. அரக்கோணமோ ஜோலார்பேட்டையோ, வண்டி போய் நிற்கிற ஊரில் தங்கும் அறை உண்டு. அங்கே தானே ஆக்கித் தின்பார். அவருடைய இரும்புப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். மேலே கொடி, விசில், விளக்குத் திரி. கீழே புளி, மிளகாய்த்தூள், கல் உப்பு. ரிட்டயர் ஆகும்போது கொடியைத் திருப்பிக் கொடுத்தார். புளி வாசனை பெட்டியிலேயே நின்றுவிட்டது.

மாமியாரை நான் பார்த்ததில்லை. அவர் போனது ஜோலார்பேட்டையில் தந்தியாக வந்தது. அப்போது இவர் இலையில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "அன்னிக்கு வெச்ச குழம்பு இன்னா ருசின்னு இதுவரிக்கும் எனுக்குத் தெரியாது" என்பார். மனைவி செத்ததை அவர் வேறு விதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார். "எலையில கீறவன்கிட்ட எழவு சொல்லாத. அவன் எழுந்துக்கட்டும், கை கழுவட்டும். அப்பால சொல்லு. செத்தவங்க எங்கியும் பூட மாட்டாங்க."

அந்தச் சட்டத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவருடைய மகன், என் வீட்டுக்காரர், சயாமில் செத்துப்போனது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஏழு மாதம் அவர் பக்கத்தில் இருந்தேன். சொல்லவில்லை.

எனக்குப் பதினாறில் கல்யாணம். மூன்றாவது வரை படிப்பு. பேச்சு எனக்கு வராது. வந்த முதல் நாள் வஞ்சிரம் மீன் குழம்பு. எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"எப்டிம்மா கீது?"

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா கீதுன்னா? உப்பா, புளியா, காரமா? சொல்லு."

"நல்லா இருக்கு மாமா."

"இன்னாடா இது, வாய்ல முத்து வெச்சிக்கினு கீதா உன் பொண்டாட்டி?" என்று மகனிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் மகனிடம் அவரே சொன்னார். "டேய், உன் பொண்டாட்டி ஒரே வார்த்தையத்தான் சொல்றா. ஆனா நாலு தினுசா சொல்றா. சட்டுனு சொன்னா உப்பு கம்மி. தலைய ஆட்டிக்கினு சொன்னா சரியா கீது. சோத்தப் பாத்துக்கினு சொன்னா வேகல. 'நல்லா'வ இழுத்தா புளி தூக்கல். இந்த வூட்ல நாக்கு கீறது இவ ஒருத்திக்குத்தான்."

அது நிஜம். எனக்கே தெரியாமல் இருந்தது.

அப்புறம் அவர் என்னைத்தான் கேட்பார். நான் இழுத்தால் போதும். "வெல்லம் ஒரு சிட்டிகை போடு" என்பார். எந்தக் குழம்பில் புளி தூக்கினாலும் அவருக்கு ஒரே மருந்து. யுத்தத்தில் வெல்லம் கிடைக்காதபோதும் ஒரு கட்டியைத் துணியில் முடிந்து, உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். குழந்தை கேட்டால்கூடக் கொடுக்கமாட்டார்.

என் வீட்டுக்காரர் மலாயாவுக்குப் போனார். அங்கேயும் ரயில்வேதான், குமாஸ்தா வேலை. இரண்டு வருஷத்தில் திரும்புவதாகச் சொன்னார். எனக்கு அப்போது நாலு மாதம். பெண் பிறந்ததற்குக் கடிதம் போட்டோம். பதில் வந்தது. குழந்தைக்கு முள் எடுத்துக் கொடுக்கப் பழக்கச் சொல்லி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஜப்பான்காரன் வந்தான். கடிதம் நின்றது.

ஆறு மாதம் பார்த்தேன். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் போனேன். அவர் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது, என் நாக்கிலும் படாது என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மீன் சட்டியைக் கழுவினேன். கிணற்றடிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலை நொச்சிக்குப்பத்துக் கிழவி மீன் கூடையோடு வந்தாள்.

"இன்னா மருமவளே, சங்கரா கீது. கண்ணப் பாரு, உன்னிய முறைக்குது."

"வேண்டாம்."

"வேணாவா? கெழவனாருக்கு ஒடம்பு கிடம்பு சொகமில்லயா?"

அவர் வெளியே வந்தார். நான் சொன்னேன். ஒரே வரியில் சொன்னேன். அவர் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவிழ்ந்த சட்டியைப் பார்த்தார். சாப்பாட்டில் பாதி போயிற்று அவருக்கு. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"வேண்டிக்கினா சரிதான்" என்றார். உள்ளே போனார்.

சாயங்காலம் வந்து கேட்டார். "வூட்டு அடுப்புலன்னுதான சொன்ன?"

"ஆமாம் மாமா."

"வெளி அடுப்பப் பத்தி அம்மன்கிட்ட ஒண்ணும் பேசலயே?"

"இல்லை."

"உன் நாக்குதான? என் நாக்க சேத்துச் சொல்லல?"

"இல்லை மாமா."

"ரைட்" என்றார்.

விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்த ஆள். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜட்கா பேசிக்கொண்டு வந்தார். மாம்பலத்திலிருந்து மகளையும் மருமகனையும் வரச் சொன்னார். எல்லோரும் மந்தைவெளி வழியாக அடையாற்றுக்குப் போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கம், மீனும் கறியும் போடுகிற ஒரு மிலிடெரி ஓட்டல் இருந்தது. கீற்றுக்கொட்டகை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தட்டி கட்டி ஒரு மூலை. ஆறு கடலில் சேருகிற இடத்திலிருந்து மீன் நேரே அங்கே வரும். மடவை, கொடுவா, இறால், நண்டு.

அந்தக் காலத்தில் பெண்டுகளை அழைத்துக்கொண்டு மிலிடெரி ஓட்டலுக்குப் போகிறவர்கள் குறைவு. சந்தில் பேசினார்கள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டல் முதலாளி அவரைக் கண்டால் பயப்படுவார். நேரே சமையல் பக்கம் போய்ச் சட்டியைத் திறந்துவிடுவார் என்று.

"ஐயா, இப்டி வந்து குந்துங்க. உள்ள ஒரே பொக."

"பொகையிலதான் முப்பது வருசம் கீந்தேன். வெந்தயத்த எப்பப் போட்ட?"

"போட்டாச்சுங்க."

"எப்பன்னு கேட்டேன்."

அங்கே எனக்குத் தனியாக ரசமும் அப்பளமும் வரும். என் இலைக்கு மீன் வராது. அதை அவரே கவனித்துக்கொள்வார். ஒரு தடவை பரிமாறுகிறவன் தெரியாமல் என் சோற்றில் மீன் குழம்பு ஊற்றிவிட்டான். அவர் எழுந்து வந்து அந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு, வேறு இலை விரித்தார். "ஒண்ணும் படலியே? வாய்ல படலியே?" என்று மூன்று தரம் கேட்டார். என் விரதத்தில் அவருடைய மகன் உயிர் இருந்தது.

ரேஷன் வந்தபின் ஓட்டலில் சோறு ஒரு கரண்டிதான். நாங்கள் வீட்டில் வடித்த சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துப் போவோம். முதலாளி சிரிப்பார். "சோறு உங்களுது, கொளம்பு எங்களுது. சம்பந்தி மாதிரி ஆயிட்டோம்."

மற்ற நாளில் வீட்டில் மீன் இல்லாத மீன் குழம்பு வைப்பார். வாழைக்காயைச் சாய்வாகத் துண்டு போடுவார். நடுவில் கத்தி முனையால் ஒரு ஓட்டை, நடுமுள் இருந்த இடமாம். மாங்காய், சின்ன வெங்காயம், பழைய புளி. என் பெண் அதில் முள் பொறுக்குகிற மாதிரி பாவனை செய்வாள். "தாத்தா, முள்ளு கீது." அவர் எட்டிப் பார்த்து, "பாத்துத் துன்னு, தொண்டைல மாட்டிக்கும்" என்பார்.

குண்டு போடப் போகிறார்கள் என்று ஊரே காலியான சமயத்திலும் நாங்கள் போகவில்லை. "நாம போய்ட்டா அவன் வந்து பூட்டின வூட்டப் பாப்பானா?" என்றார். சந்தில் மூன்று பேர்தான் மிச்சம். அவர் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வரத் தொடங்கின. தை மாதம், பொங்கல் கழிந்து, ஓர் ஆள் வந்தான். உச்சிப் பொழுது. காலில் ஆறாத புண். மலாயாவில் என் வீட்டுக்காரரோடு இருந்தவன். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்றான். காடு என்றான். காலரா என்றான். தானே மண் தள்ளியதாகச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கையில் எதுவும் கொண்டுவரவில்லை. சொல் மட்டும்தான்.

நான் ஒன்று கேட்டேன். "கடைசியில் ஏதாவது சாப்பிட்டாரா?"

"கஞ்சித் தண்ணி. அதுவும் தங்கலம்மா."

உள்ளே இருந்து அவர் குரல். "யாரும்மா?"

"விலாசம் மாறி வந்துட்டாங்க மாமா."

அந்த ஆள் என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

அவர் இலையில் இருந்தார். சோறும் வாழைக்காய்க் குழம்பும். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். எழுந்திருக்கட்டும், கை கழுவட்டும், சொல்லலாம் என்று நின்றேன். ரசம் கேட்டார். ஊற்றினேன். மோர் கேட்டார். ஊற்றினேன். விரலை நக்கினார். எழுந்தார். கை கழுவினார். நான் வாயைத் திறந்தேன்.

"சாயங்காலம் சேப்பங்கெழங்கு வறுக்கலாம்" என்றார். "நல்ல கெழங்கா பாத்து வாங்கிக்கினு வந்தேன். அவனுக்கு அதான் பிரியம். இந்த மாசமே வந்துடுவான் பாரு."

நான் கிணற்றடிக்குப் போனேன். காலையில் குளித்தாகிவிட்டது. மறுபடியும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உள்ளே வந்து குங்குமம் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, ரெண்டாந்தரம் குளியல்?"

"அடுப்புப் புகை மாமா."

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் சாப்பிடாத நேரம் என்று ஒன்று வேண்டுமே. காலையில் பழையது, பத்து மணிக்குச் சோறு, மூன்று மணிக்குக் காப்பி, இருட்டும் முன் மறுபடி சோறு. நடுவில் அடுத்த வேளைக்கு என்ன என்ற பேச்சு. எல்லாப் பேச்சிலும் மகன். இப்படியே ஒரு மாதம் போயிற்று. பிறகு சொல்ல முடியாமல் ஆயிற்று.

பங்குனியில் சோறு அவர் தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. வைகாசியில் இட்லி போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். உள்ளே கட்டி என்றார்கள். வயசும் ஆயிற்று, அறுக்க முடியாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள்.

கஞ்சித் தண்ணீர்தான். ஒரு வாய் வைத்துக்கொண்டு, தலையை மேலே தூக்கி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். கழுத்து நரம்பெல்லாம் எழும். கண்ணில் தண்ணீர் வரும். இறங்கும், அல்லது திரும்பி வரும். திரும்பி வந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாய். அரை டம்ளர் கஞ்சிக்கு ஒரு மணி நேரம்.

"போதும், விடுங்க மாமா."

"வுட்டா? அவன் வந்து நைனா எங்கன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ? அதயும் ஒரே வார்த்தையில சொல்லுவியா?" சிரிக்கப் பார்ப்பார். இருமல் வரும். "அவன் குந்தி ஒரு வேள சாப்புடறத பாத்துட்டு நான் கொடி காட்டிடறேன். அது வரிக்கும் இந்தத் தண்ணிய எறக்கித்தான் ஆவணும்."

அவர் உயிரோடு இருந்தது அதற்காக. ஒவ்வொரு வாயும் அதற்காக. செத்துப்போன ஆளுக்காக அவர் தினம் நான்கு தரம் இப்படிச் சித்திரவதைப்பட்டார். டம்ளரைப் பிடித்தது நான்.

சொன்னால் மகன் போவான். சொல்லாவிட்டால் இந்தக் கஞ்சிச் சித்திரவதை போகாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் சமையலை விடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஆக்குவார். ருசி பார்க்க முடியாது. என்னைப் பார்க்கச் சொல்லுவார். நான் நல்லா இருக்கு என்பேன். கடைசி ஞாயிறும் நிற்கவில்லை. ஓட்டலில் அவருக்கும் இலை போடவேண்டும். "எலையில்லாம குந்தினா டிக்கெட் பரிசோதிக்க வந்தவன் மாரி கீது" என்பார். வெறும் இலையின் முன் உட்கார்ந்து, மற்றவர்கள் சாப்பிட்டபின் ஒவ்வொருவராகக் கேட்பார். என் நாத்தனார், "போன மாசம் மாதிரி இல்ல நைனா" என்பாள். ஒவ்வொரு மாதமும் அதையே சொல்லுவாள். அவள் புருஷன், "ம்" என்பார். என் பெண், "காரம்" என்பாள். அவர் முகம் இறங்கிவிடும். என் பக்கம் திரும்புவார். நான் ரசத்தில் கை வைத்திருப்பேன். என்னைக் கேட்கவேமாட்டார். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆவணி கடைசி ஞாயிறு வந்தது. அடுத்தது புரட்டாசி. புரட்டாசியில் மீன் கிடையாது, ஓட்டல் கிடையாது. ஐப்பசி வரை அவர் தாங்கமாட்டார் என்று அவரைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஜட்காவில் அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். குழந்தையைவிட இலேசாக இருந்தார்.

முதலாளி வாசலுக்கே வந்தார். "ஐயா, உள்ள வந்து சட்டியப் பாருங்க. இன்னிக்கு நானே இட்டுக்கினு போறேன்" என்றார். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கொடுவா மீன் குழம்பு வந்தது. இறால் வறுவல் வந்தது. எல்லா இலையிலும் விழுந்தது. என் இலையில் ரசம். அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, இருமல்தான் வந்தது. துண்டில் சிவப்பு. துண்டை மடித்து மறைத்துக்கொண்டார்.

நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். சோற்றில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

என் பெண்ணின் இலைப்பக்கம் குனிந்தார். குழம்பை மோந்தார். மறுபடி மோந்தார். கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து மோந்தார். நிமிர்ந்தபோது இருந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வாசனையும் பூட்ச்சும்மா" என்றார். "ஒண்ணுமே தெர்ல. அவன் வர்றதுக்குள்ள அல்லாம் பூடும் போலக்கீதே. நான் இன்னா பண்ணுவேன்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பெண்ணின் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்தேன்.

"ஏய்!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. "வேண்டுதல்! புள்ள! புள்ளம்மா..."

"பரவாயில்ல மாமா" என்றேன்.

அவர் பிடி இருந்தது. பிறகு இல்லை. வாயில் போட்டேன்.

"அடிப்பாவி! என் தம்பி வர்ற நேரத்துல..." என்று நாத்தனார் கத்தினாள். பாதியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தது.

அவர் உள்ளங்கையைக் காட்டினார். வண்டியை நிறுத்துகிற மாதிரி.

"எலை" என்றார்.

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். குழந்தை எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. நாத்தனார் புருஷன் குனிந்த தலை நிமிரவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொல்லு" என்றார். "எப்டி கீது?"

நல்லா இருக்கு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"உப்பு சரியா இருக்கு மாமா. மீன் இன்னிக்குப் பிடிச்சது. தொட்டா இதழ் இதழா வருது, ஆனா கரையல. புளி பழசு, கறுத்த புளி. முதல்ல தெரியல, முழுங்கினப்புறம் நாக்கோட ரெண்டு பக்கமும் நிக்குது. வெந்தயம் கருகல. முதலாளி சரியான நேரத்துலதான் போட்டிருக்கார். மாங்காய் ஒரு துண்டு கிடக்கு, அது மீன் சாறைக் குடிச்சிருக்கு. காரம் தொண்டைகிட்ட வந்து நிக்குது. அடியில் நல்லெண்ணெய் வாசனை. கறிவேப்பிலை காம்போட போட்டிருக்காங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு நான் பேசியதில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் தொண்டை அசைந்தது. ஒரு தரம் மேலே ஏறி இறங்கியது. சுவரைப் பிடிக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். கையைத் தூக்கினார். "ரைட்" என்றார். சத்தம் வந்தது.

எல்லோரும் சாப்பிட்டோம். சாப்பிட்டுத்தான் தீரவேண்டும். அழுதுகொண்டே நாத்தனார் இறால் தின்றாள். யாரும் மிச்சம் வைக்கவில்லை. அவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். எல்லோரும் எழுந்து கை கழுவும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"இப்ப அழும்மா" என்றார்.

அவள் போட்ட சத்தத்தில் பாலத்தில் போன சைக்கிள்காரன் இறங்கி நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். "தண்ணி எற" என்றார். கேட்ட சாவுக்குத் தலை முழுகவேண்டும். நான் இறைத்தேன். வேட்டியோடு உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொண்டார். மூன்று சொம்பு. நாலாவதைத் தூக்க முடியவில்லை. நான் ஊற்றினேன்.

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டாந்தரம் குளிச்சியே. அன்னிக்கா?"

"ஆமாம் மாமா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க இலையில இருந்தீங்க."

தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டியது. நானும் தலையில் ஊற்றிக்கொண்டேன். குங்குமம் கரைந்து போயிற்று. வை என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுவரோரம் கவிழ்ந்து கிடந்த சட்டியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். அடியில் மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. "களுவு" என்று என்னிடம் கொடுத்தார். "நாளிக்கு இதுல ஆக்கு. நீ துன்னு. துன்னுட்டு எனுக்குச் சொல்லு."

மறுநாள் கஞ்சி வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. உதட்டை மட்டும் நனைத்தேன். நொச்சிக்குப்பத்துக் கிழவி வந்தாள். வாங்கினேன். முக்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆக்கி எடுத்துவந்து அவர் படுக்கைப் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டேன். சொன்னேன். ஒரு நாள் சங்கரா. ஒரு நாள் வவ்வால். ஒரு நாள் நெத்திலி. கேட்பார். திருத்துவார். "வெங்காயம் இன்னும் வதங்கணும்." "எண்ண பத்தல."

நாலாம் நாள் வஞ்சிரம். புரட்டாசிக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு வாய் வைத்தேன்.

"புளி தூக்கல் மாமா" என்றேன்.

வெல்லம் போடு என்று அவர் சொல்லவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.